டோக்கன் பலகை ஏன் நின்றது? வெப்சாக்கெட் கோளாறுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் கூடத்தில் தொங்கும் டோக்கன் பலகையைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். மருத்துவர் தன் மேசையில் 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்தினால், கூடத்துத் திரையில் எண் மாற வேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுபோவது வெப்சாக்கெட், அதாவது பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு. ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய நோட் சர்வர் ஒன்று, அதற்குள் வெப்சாக்கெட்டுக்காக டபிள்யூஎஸ் என்ற சிறிய லைப்ரரி, முன்னால் கோரிக்கைகளை வாங்கி நோட்டுக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ், திரையில் ஒரு பிரவுசர். அவ்வளவுதான் அமைப்பு. இதே அமைப்பு வேறு சில இடங்களிலும் என் பொறுப்பில் ஓடுகிறது. எங்கே போனாலும் வரும் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றே. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடக் கூடாது என்று எழுதி வைத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். உங்கள் கோளாறு எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில்.

இங்கே சொல்வதெல்லாம் டபிள்யூஎஸ் லைப்ரரியின் 8-ஆம் வரிசைப் பதிப்புகளுக்குப் பொருந்தும். அது நோட்டுக்கு மட்டுமே உரிய லைப்ரரி என்பதை நினைவில் வையுங்கள். பிரவுசரில் ஓடும் நிரலுக்குள் அதை இழுத்துவந்தால் பிழைச்செய்தி கொடுத்து நின்றுவிடும். அங்கே பிரவுசரிலேயே இருக்கும் வெப்சாக்கெட் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

## எதையும் தொடுவதற்கு முன்: இரண்டு சோதனைகள்

பிரவுசரின் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் வெப்சாக்கெட் வரியைப் பாருங்கள். நிலை எண் (சர்வர் தன் பதிலில் தரும் எண்) 101 என்றிருந்தால் ஹேண்ட்ஷேக், அதாவது இணைப்பைத் தொடங்கும் கேள்வி-பதில், முடிந்து இணைப்பு திறந்துவிட்டது. கோளாறு அதற்குப் பிறகு நடக்கிறது. வேறு எண் இருந்தால் இணைப்பே ஏற்படவில்லை. இந்த நிலை எண்ணைப் பக்கத்தின் நிரலால் படிக்க முடியாது. பாதுகாப்பு கருதிப் பிரவுசர் அதை மறைத்துவிடுகிறது. ஆகவே நிரலில் எத்தனை லாக் வரிகள் எழுதினாலும் 1006 என்ற மூடல் எண்தான் கிடைக்கும். அந்த 1006-ஐ எதிர்ப்பக்கம் அனுப்புவதில்லை. முறைப்படி விடைபெறாமல் இணைப்பு போய்விட்டால் பிரவுசர் தானாகவே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. அதை மட்டும் வைத்துக்கொண்டு காரணம் தேடாதீர்கள். நாள் முழுக்கப் போய்விடும்.

இரண்டாவது சோதனை, டபிள்யூஎஸ்கேட் என்ற கட்டளைவரிக் கருவி. அதைக் கொண்டு மூன்று இடங்களிலிருந்து இணைத்துப் பாருங்கள். சர்வர் கணினிக்குள்ளிருந்தே நோட்டின் போர்ட்டுக்கு நேராக ஒரு முறை. அதே கணினியிலிருந்து என்ஜின்எக்ஸ் வழியாக ஒரு முறை. வெளியே உங்கள் மடிக்கணினியிலிருந்து ஒரு முறை. முதலாவதே தோற்றால் கோளாறு உங்கள் நிரலில். முதலாவது வென்று இரண்டாவது தோற்றால் என்ஜின்எக்ஸ் அமைப்பில். முதல் இரண்டும் வென்று மூன்றாவது மட்டும் தோற்றால் ஃபயர்வால், சான்றிதழ், அல்லது இடையில் நின்று கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர். ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் நான் எந்தக் கோப்பையும் திறப்பதில்லை.

## அறிகுறி: இணைப்பே ஏற்படவில்லை

### கோரிக்கை வெளியே போகவே இல்லை

பக்கம் ஹெச்டிடிபிஎஸ் வழியாகத் திறந்திருக்க, இணைப்பு முகவரி 'ws://' என்று தொடங்கினால் பிரவுசர் தடுத்துவிடும். முகவரி 'wss://' என்று தொடங்க வேண்டும். சொந்தக் கணினியில் லோக்கல்ஹோஸ்டில் சோதிக்கும்போது இந்தத் தடை தெரியாது. சர்வருக்கு ஏற்றிய பிறகுதான் தெரியும். முகவரியை நிரலில் நேராக எழுதாமல், பக்கம் திறந்திருக்கும் முறையைப் பார்த்து அமைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

### நிலை எண் 426

கோரிக்கை நோட் வரை வந்துவிட்டது. ஆனால் சாதாரண இணையக் கோரிக்கையாக வந்திருக்கிறது. வெப்சாக்கெட்டுக்கு மாறும்படி கேட்கும் 'அப்கிரேடு' ஹெடரை (கோரிக்கையின் தலைப்பில் வரும் குறிப்பு) வழியில் என்ஜின்எக்ஸ் உதிர்த்துவிட்டது என்று பொருள். அப்கிரேடு, கனெக்‌ஷன் ஆகிய இரண்டு ஹெடர்களும் தாமாக அடுத்த சர்வருக்குக் கடத்தப்படுவதில்லை. அவற்றைக் கடத்தும்படி அமைப்புக் கோப்பில் வெளிப்படையாக எழுத வேண்டும். பின்பக்கம் பேசும் ஹெச்டிடிபி பதிப்பு 1.1 என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். எழுதிய பின் சோதித்துவிட்டு மறுபடி ஏற்ற மறக்காதீர்கள். எழுதிவிட்டு ஏற்றாமல் விட்டதுதான் காரணம் என்று பல முறை கண்டிருக்கிறேன்.

### நிலை எண் 400

இதற்குப் பெரும்பாலும் பாதைதான் காரணம். சர்வரில் ஒரு பாதையைக் குறிப்பிட்டுவிட்டு, பிரவுசர் வேறு பாதைக்கு வந்தால் டபிள்யூஎஸ் 400 கொடுத்து மூடிவிடும். என்ஜின்எக்ஸ் பாதையின் முற்பகுதியை வெட்டி அனுப்புகிறதா என்றும் பாருங்கள்.

இதன் இன்னொரு கிளை தேடுவதற்குக் கடினமானது. ஒரே ஹெச்டிடிபி சர்வரின்மீது இரண்டு வெப்சாக்கெட் சர்வர்களை, இரண்டு பாதைகளோடு பொருத்தியிருப்பீர்கள். முதலாவது தன் பாதை அல்லாத கோரிக்கையைக் கண்டதும் 400 கொடுத்து மூடிவிடும். இரண்டாவதற்கு வாய்ப்பே கிடைக்காது. தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் சரியாக ஓடும். சேர்த்து வைத்தால்தான் ஒன்று சாகும். இரண்டையும் 'நோசர்வர்' முறையில் அமைத்து, ஹெச்டிடிபி சர்வரின் அப்கிரேடு நிகழ்வில் நீங்களே பாதையைப் பார்த்து உரியதிடம் ஒப்படைப்பதுதான் சரியான வழி.

### நிலை எண் 401 அல்லது 403

பிரவுசரின் வெப்சாக்கெட் வசதியில் பயனரின் அடையாளத்தைச் சொல்லும் ஆதரைசேஷன் ஹெடரைச் சேர்க்க வழி கிடையாது. டபிள்யூஎஸ்கேட்டிலும் நோட்டிலும் சேர்க்கலாம் என்பதால், சோதனையில் வென்ற நிரல் பிரவுசரில் தோற்கும். குக்கீ வழியாக அடையாளம் காணுங்கள், அல்லது குறுகிய நேரமே செல்லும் ஒருமுறைச் சீட்டு ஒன்றை முகவரியில் சேர்த்து அனுப்புங்கள். இதோடு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: சாதாரணக் கோரிக்கைகளுக்கு உள்ள கார்ஸ் தடுப்பு (வேறு தளத்துக் கோரிக்கைகளைப் பிரவுசர் கட்டுப்படுத்தும் விதி) வெப்சாக்கெட்டுக்கு இல்லை. எந்தத் தளத்திலிருந்தும் உங்கள் சர்வருக்கு இணைப்பு திறக்கலாம். பயனரின் குக்கீயும் கூடவே வரக்கூடும். கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ஆரிஜின் ஹெடரைச் சர்வரில் நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். 403-ஐத் தீர்க்கும் அவசரத்தில் இந்தச் சோதனையை அகற்றிவிடாதீர்கள்.

### 101 வந்தும் உடனே அறுகிறது

பிரவுசர் ஒரு துணை நெறிமுறையைக் கேட்டு, சர்வர் அதை ஏற்றதாகப் பதிலில் சொல்லாவிட்டால் குரோம் இணைப்பை முறித்துவிடும். இணைப்பை உருவாக்கும் வரியில் இரண்டாவது மதிப்பு ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சில இடங்களில் அடையாளச் சீட்டை அந்த வழியாக அனுப்புகிறார்கள். அங்கே இந்தக் கோளாறு அடிக்கடி வரும்.

எதிரே இருப்பது உண்மையிலேயே வெறும் வெப்சாக்கெட் சர்வர்தானா என்பதையும் உறுதிசெய்யுங்கள். சாக்கெட்.ஐஓ என்ற லைப்ரரி தனக்கென்று ஒரு உறை வைத்துப் பேசும். வெறும் வெப்சாக்கெட்டால் அதனோடு உரையாட முடியாது.

### பிரவுசரில் வருகிறது, நோட்டிலிருந்து வரவில்லை

சான்றிதழ்ச் சங்கிலியில் இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டிருக்கும். பல பிரவுசர்கள் விடுபட்டதைத் தாமே தேடி நிரப்பிக்கொள்ளும், நோட் நிரப்பிக்கொள்ளாது. முழுச் சங்கிலி உள்ள கோப்பை என்ஜின்எக்ஸில் கொடுங்கள். சான்றிதழ்ச் சோதனையை நிறுத்திவைப்பதைத் தீர்வாக யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், அதுவும் மருத்துவமனைத் தகவல் போகும் பாதையில்.

### எங்கும் வருகிறது, ஒரே கட்டடத்தில் மட்டும் வரவில்லை

அந்தக் கட்டடத்தின் ஃபயர்வால் அல்லது ப்ராக்ஸி அப்கிரேடு கோரிக்கையைத் தடுக்கிறது. அதே திரையைக் கைபேசி இணையத்தில் இணைத்துப் பாருங்கள். உடனே வந்தால் உறுதி. இதற்கு மேல் உங்கள் நிரலில் செய்ய ஒன்றுமில்லை. அந்த இடத்தின் நெட்வொர்க் பொறுப்பாளரை அழைத்து, முகவரி, போர்ட், முயன்ற நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். 'இணையம் வரவில்லை' என்று சொன்னால் அவர் மின்னஞ்சலைத் திறந்து காட்டிவிட்டுப் போய்விடுவார்.

## அறிகுறி: திறக்கிறது, சரியாக ஒரு நிமிடத்தில் அறுகிறது

கடிகாரம் வைத்துப் பாருங்கள். 60 விநாடி என்றால் ஆளைக் கண்டுபிடித்தாயிற்று: என்ஜின்எக்ஸின் 'ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்' தன்னியல்பாக 60 விநாடி. அமேசானின் அப்ளிகேஷன் லோடு பேலன்சரிலும் சும்மா இருக்கும் இணைப்புக்கு அதே 60 விநாடிதான். ஹெரோகு என்ற கிளவுட் தளத்தில் 55. அந்த நேரத்துக்குள் எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு பைட்கூடப் போகாவிட்டால் இணைப்பு வெட்டப்படும். கூட்டமான காலை நேரத்தில் எண் அடிக்கடி மாறுவதால் கோளாறே தெரியாது. மதிய இடைவேளையில் அறுந்துவிடும். 'மதியம் மட்டும் பலகை போய்விடுகிறது' என்று எனக்கு வந்த புகாரின் முழு விளக்கம் இதுதான்.

நேர வரம்பை ஒரு மணி நேரமாக உயர்த்தலாம். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. இடையில் உங்கள் கைக்கு எட்டாத கருவிகளும் இருக்கும். அவற்றின் வரம்பை நீங்கள் மாற்ற முடியாது. சர்வரிலிருந்து 30 விநாடிக்கு ஒரு முறை பிங் ('இருக்கிறாயா' என்று கேட்கும் சிறு குறிப்பு) அனுப்புங்கள். பிரவுசர் தானாகவே பாங் என்று பதில் தரும். பக்கத்தில் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

பிங் அனுப்பும் பொறுப்பைப் பக்கத்தின் நிரலிடம் விட்டிருந்தால் இன்னொரு சிக்கல். பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்டால் உண்மையான பிங் அனுப்ப முடியாது. சாதாரணச் செய்தியாக ஏதாவது அனுப்ப வேண்டும். அதற்கு டைமர் வைத்திருப்பீர்கள். 2021-இல் வந்த குரோம் 88-இலிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் தாவலில் டைமர்கள் நிமிடத்துக்கு ஒரு முறை மட்டுமே விழிக்கும்படி ஆகலாம். உங்கள் 25 விநாடி டைமர் 60 விநாடியாகிவிடும், வரம்பும் 60. யார் முந்துவார் என்பது அந்தந்த நேரத்து அதிர்ஷ்டம். 'வேறு தாவலுக்குப் போய்வந்தால் அறுந்திருக்கிறது' என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

## அறிகுறி: இணைப்பு இருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் எதுவும் வரவில்லை

இந்தத் தலைப்புக்காகத்தான் மற்றவற்றையும் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு நாள் காலை மருத்துவமனையிலிருந்து அழைப்பு. போய்ப் பார்த்தால் திரையில் 47 நிற்கிறது. உள்ளே மருத்துவர் 53-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கையில் 49 என்று எழுதிய சீட்டை நான்காக மடித்து வைத்துக்கொண்டு, ஒரு பெரியவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். தன் முறை கடந்துபோனது அவருக்குத் தெரியாது. திரையின் மூலையில் கடிகாரம் விநாடி தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அது அந்தப் பிரவுசரிலேயே கணக்கிடப்படும் கடிகாரம். சர்வரோடு அதற்குத் தொடர்பில்லை. ஆனால் அது ஓடியதால்தான் பலகை உயிரோடு இருப்பதாக எல்லோரும் நம்பினார்கள். செவிலியரும் நம்பினார்.

நடந்தது இது. மின்வெட்டில் கீழ்த்தளத்து ரவுட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. திரையும் அதை ஒட்டிய ஸ்விட்சும் இன்வெர்ட்டரில் இருந்ததால், திரையைப் பொறுத்தவரை கம்பி அறவே இல்லை. எழுந்து வந்த ரவுட்டருக்குப் பழைய இணைப்பின் நினைவு இல்லை. இரு முனையும் இணைப்பு இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்தன. பேசாமல் கேட்க மட்டும் செய்யும் முனைக்கு எதிர்முனை போனது தெரிய நெடுநேரம் ஆகும். சர்வர் அனுப்பிய செய்திகளையோ லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். தன்னியல்பு அமைப்பில் கைவிடுவதற்குச் சுமார் கால் மணி நேரம் ஆகும். அதுவரை உங்கள் நிரலுக்கு எந்தப் பிழையும் வராது.

### சர்வர் பக்கம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு இணைப்புக்கும் 'உயிரோடு' என்று ஒரு குறி வையுங்கள். 30 விநாடிக்கு ஒரு முறை எல்லா இணைப்புகளையும் சுற்றி வாருங்கள். குறி இல்லாத இணைப்பை டெர்மினேட் செய்யுங்கள்; குறி உள்ளதில் குறியை அழித்துவிட்டு பிங் அனுப்புங்கள்; பாங் வந்ததும் குறியைத் திரும்ப வையுங்கள். ஒரு சுற்றுக்குள் பாங் வராத இணைப்பு அடுத்த சுற்றில் போய்விடும்.

இங்கே டெர்மினேட், குளோஸ் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டெர்மினேட் என்பது கேட்காமல் உடனே வெட்டுவது. குளோஸ் என்பது விடைபெற்றுப் போவது. எதிர்முனையின் பதிலுக்காக டபிள்யூஎஸ் தன்னியல்பாக 30 விநாடி காத்திருக்கும். இறந்த முனையிடம் விடைபெறக் காத்திருப்பதில் பயனில்லை.

### திரை பக்கம் செய்ய வேண்டியது

சர்வர் பக்கம் மட்டும் சரிசெய்தால் பாதி வேலைதான் முடிந்தது. சர்வர் அந்த இணைப்பைக் கைவிட்ட செய்தியும் அதே அறுந்த பாதையில்தான் போக வேண்டும்; திரைக்கு அது எட்டாது. பிரவுசருக்கு வரும் பிங்கைப் பக்கத்தின் நிரல் பார்க்கவும் முடியாது. எனவே பிங்கோடு சேர்த்து, 20 விநாடிக்கு ஒரு முறை ஒரு சிறு செய்தியைச் சர்வரிலிருந்து அனுப்புகிறேன். அதில் அப்போதைய டோக்கன் எண்ணும் இருக்கும். 45 விநாடிக்கு எதுவும் வராவிட்டால் திரை பழைய இணைப்பைக் கைவிட்டுப் புதிதாக இணைக்கும். அதோடு எண் சாம்பல் நிறமாகி, 'அழைப்பைக் கேட்கவும்' என்று எழுத்து வரும். அந்த நேரத்தில் செவிலியர் வாயால் கூப்பிடுவார். மூலையில் இருந்த கடிகாரத்தையும் எடுத்துவிட்டு, சர்வர் அனுப்பும் நேரத்தையே காட்டும்படி மாற்றிவிட்டேன். இப்போது கடிகாரம் நின்றால் பலகை நின்றது என்று பொருள்.

மறுபடி இணைந்ததும் இடையில் தவறிய செய்திகள் தாமாக வந்து சேரா. வெப்சாக்கெட் எதையும் சேமித்து வைப்பதில்லை. இணைந்த உடனே முழு நிலையையும் ஒரு முறை அனுப்பிவிடுங்கள்.

### முதல் செய்தி மட்டும் காணாமல் போகிறது

இணைப்பு ஏற்பட்டதும் சர்வர் நிரல் தரவுத்தளத்தில் பயனரைத் தேடுகிறது. தேடி முடித்த பிறகு செய்திகளைக் கேட்கத் தொடங்குகிறது. அந்த இடைவெளியில் பிரவுசர் அனுப்பிய முதல் செய்தியைக் கேட்க ஆளில்லை, அது போய்விட்டது. உங்கள் கணினியில் தரவுத்தளம் பக்கத்திலேயே இருப்பதால் இது அரிதாகவே தெரியும். செய்தி கேட்கும் வரியை முதலில் எழுதுங்கள். வரும் செய்திகளைத் தேடல் முடியும்வரை ஒரு வரிசையில் நிறுத்தி வையுங்கள். அதைவிட நல்லது, அடையாளச் சோதனையை ஹேண்ட்ஷேக்குக்கு முன்பே முடித்துவிடுவது.

## அறிகுறி: சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை

நோட் எத்தனை செயல்முறைகளாக ஓடுகிறது என்று பாருங்கள். நோட்டை ஓட்டிப் பராமரிக்கும் பிஎம்2 என்ற கருவியில் கிளஸ்டர் முறையில் நான்கு ஓடினால், 'எல்லோருக்கும் அனுப்பு' என்பது அந்தச் செயல்முறையில் இணைந்திருப்பவர்களுக்கு மட்டுமே அனுப்பும். பக்கத்தைப் புதுப்பித்தால் சில நேரம் வரும், சில நேரம் வராது. சோதிக்க எளிய வழி, ஒன்றே ஒன்றாகக் குறைத்து ஓட்டிப் பார்ப்பது. சரியானால் காரணம் உறுதி.

டோக்கன் பலகை போன்ற சிறிய வேலைக்கு ஒரே செயல்முறை போதும், அப்படியே விட்டுவிடலாம். கூட்டம் பெரிதென்றால் ரெடிஸ் என்ற தரவுச் சர்வரின் பப்-சப் (செய்தி பரப்பும்) வசதி வழியாக எல்லாச் செயல்முறைகளுக்கும் செய்தியைப் பரப்ப வேண்டும். அது இன்னொரு சர்வரைப் பராமரிக்கும் பொறுப்பு. அதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

## அறிகுறி: தமிழ் சிதைகிறது, அல்லது தமிழ் வந்தால் இணைப்பு அறுகிறது

ஆங்கிலத்தில் சோதித்து முடித்துவிட்டுத் தமிழில் ஓட்டும்போது மட்டும் வெளிப்படும் கோளாறுகள் இவை. நம் ஊர்களில் இதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

சர்வரில் செய்திக்குப் பதிலாக எண்களின் வரிசை தெரிந்தால் அது சிதைவே அல்ல. 8-ஆம் பதிப்பிலிருந்து உரைச் செய்தியும் பஃபராகவே, அதாவது வெறும் பைட் வரிசையாகவே, வந்து சேர்கிறது. உரையா பைனரியா என்பது இரண்டாவது மதிப்பில் வரும். உரையாக மாற்றிக்கொண்டால் போதும். 7-இலிருந்து 8-க்கு மாறிய மறுநாள் வரும் புகார்களில் பெரும்பகுதி இதுதான்.

எழுத்துகளுக்கு நடுவே கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி தெரிகிறதா? அல்லது மூடல் எண் 1007-ஓடு அறுகிறதா? நீண்ட உரையை எங்கோ பைட் கணக்கில் வெட்டுகிறீர்கள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'கு' என்பது க-வும் உகரக் குறியும் சேர்ந்து ஆறு பைட். 1,024 பைட்டில் வெட்டினால் வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழ வாய்ப்பு அதிகம். வெட்டிய துண்டை உரையாக மாற்றி அனுப்பினால் கேள்விக்குறி. பஃபராகவே வைத்து உரை என்று குறித்து அனுப்பினால், பிரவுசர் 1007 என்று முறித்துக்கொள்ளும். வெட்டாமல் முழுதாக அனுப்புங்கள். வெட்டியே ஆக வேண்டுமானால் பைனரியாக அனுப்பி, எதிர்முனையில் எல்லாத் துண்டுகளையும் ஒட்டிய பிறகு உரையாக்குங்கள்.

இணைப்பை மூடும்போது காரணத்தைத் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மூடும் காரணத்துக்கு நெறிமுறை தரும் இடம் 123 பைட். தமிழில் அது 41 குறிகள்தான். 'உங்கள் அமர்வு முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்' என்ற சாதாரண வாக்கியமே 146 பைட் ஆகிறது. வரம்பைத் தாண்டினால் டபிள்யூஎஸ் பிழை எறியும். பிடிக்க ஆளில்லாவிட்டால் சர்வரே விழும். காரணத்துக்கு 4000-க்கு மேல் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, அதற்குரிய தமிழ் வாக்கியத்தைப் பக்கத்தில் காட்டுங்கள்.

மூடல் எண் 1009 என்றால் செய்தி அளவு மீறியது. டபிள்யூஎஸ் தன்னியல்பாக 100 மெபிபைட் வரை ஏற்கும். அது பெரும்பாலான வேலைகளுக்கு மிகவும் தாராளம். நான் 64 கிபிபைட்டாகக் குறைத்து வைக்கிறேன். குறைத்தது நீங்கள்தானா என்று முதலில் பாருங்கள்.

## அறிகுறி: ஒரே செய்தி இரண்டு, நான்கு முறை வருகிறது

பிழை நிகழ்விலும் மூடல் நிகழ்விலும் மறு இணைப்பு நிரலை எழுதியிருப்பீர்கள். தோல்வியின்போது இரண்டும் வரும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். மூடல் நிகழ்வில் மட்டும் எழுதுங்கள். ரியாக்ட்டில் எழுதும்போது, ஸ்ட்ரிக்ட் முறை வளர்ச்சிச் சூழலில் எஃபெக்ட்டை இரு முறை ஓட்டும். நீங்கும்போது இணைப்பை மூடும் வரியை எழுதியிருந்தால் தொல்லையில்லை.

## அறிகுறி: சர்வர் விழுகிறது, அல்லது நாளாக ஆக மெதுவாகிறது

### திடீரென்று செயல்முறையே நின்றுவிடுகிறது

லாக்கில் 'கையாளப்படாத எரர் நிகழ்வு' என்ற பொருளில் வரி இருக்கும். நோட்டில் எரர் நிகழ்வைக் கேட்க ஆளில்லாவிட்டால் செயல்முறை நின்றுவிடும். ஒவ்வொரு இணைப்புக்கும், ஏற்பட்ட உடனேயே, எரர் கேட்கும் வரி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ஒருவருடைய செய்தி அளவு மீறியதற்கு எல்லோருடைய இணைப்பும் போகக் கூடாது.

பதிப்பையும் பாருங்கள். 8.17.1-க்கு முந்தைய 8-வரிசைப் பதிப்புகளில், அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் ஹெடர்களை அனுப்பி வெளியாள் ஒருவர் சர்வரை வீழ்த்திவிடலாம். 2024-இல் சரிசெய்யப்பட்டது, 7-வரிசையில் இருப்பவர்கள் 7.5.10-க்காவது வர வேண்டும். செலவில்லாத வேலை, இன்றே செய்யலாம்.

### நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது

முதலில் இணைந்திருப்போர் எண்ணிக்கையை நிமிடத்துக்கு ஒரு முறை லாக்கில் எழுதுங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் இறந்த இணைப்புகள் அகற்றப்படவில்லை. மேலே சொன்ன பிங் சுற்று இல்லை அல்லது வேலை செய்யவில்லை. எண்ணிக்கை நிலையாக இருந்து நினைவகம் மட்டும் ஏறினால், ஒவ்வொரு இணைப்புக்கும் தொடங்கிய டைமரையும் ரெடிஸ் சந்தாவையும் மூடும்போது நிறுத்துகிறீர்களா என்று பாருங்கள்.

அதுவும் சரியென்றால் மெதுவான பயனர்கள். ஒருவருடைய இணையம் நத்தை வேகத்தில் இருக்க, நீங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தால், போகாதவை சர்வரின் நினைவகத்தில் குவியும். 'பஃபர்டு அமவுண்ட்' என்ற மதிப்பைப் பாருங்கள். அது வரம்பு தாண்டினால் அந்த ஒருவருக்கு அனுப்புவதைத் தவிருங்கள்.

சுருக்கி அனுப்பும் வசதியை யாராவது இயக்கி வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சர்வர் பக்கம் அது தன்னியல்பாக அணைந்தே இருக்கும், தக்க காரணத்தோடு: லினக்ஸில் பெரும் எண்ணிக்கையில் ஓடும்போது நினைவகத்தைத் துண்டுதுண்டாக்கி விழுங்கிவிடும் என்று லைப்ரரியின் ஆவணமே எச்சரிக்கிறது. சிறிய செய்திகளுக்கு அதனால் பயனும் இல்லை.

### ஓர் எண்ணிக்கைக்கு மேல் புதியவர்கள் நுழைய முடியவில்லை

சுமார் ஆயிரத்தில் நின்றால், லினக்ஸில் ஒரு செயல்முறை திறக்கக்கூடிய கோப்புகளின் வரம்பு பல அமைப்புகளில் 1,024 என்பதை நினைவுகூருங்கள். ஒவ்வோர் இணைப்பும் ஒரு கோப்பாகவே எண்ணப்படும். லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி வழியாக ஓட்டினால் அந்தச் சேவைக் கோப்பிலேயே வரம்பை உயர்த்த வேண்டும்; முனையத்தில் உயர்த்துவது அதற்குப் பொருந்தாது. அதற்கு முன்பே நின்றால் என்ஜின்எக்ஸின் 'வொர்க்கர் கனெக்‌ஷன்ஸ்'. எழுதாமல் விட்டால் 512 மட்டுமே. ஒரு பயனருக்குப் பிரவுசர் பக்கம் ஒன்று, நோட் பக்கம் ஒன்று என இரண்டு இடம் பிடிக்கும்.

28,000-ஐ ஒட்டி நின்றால் அது வேறு வகை. என்ஜின்எக்ஸிலிருந்து ஒரே நோட் முகவரிக்குத் திறக்கப் போர்ட்டுகள் தீர்ந்துவிட்டன. அந்த அளவுக்கு வளர்ந்த சேவையை இப்படிக் குறிப்புகளை வைத்துச் சரிசெய்யக் கூடாது. பெரிய அமைப்புகளை நடத்திப் பழகிய ஒருவரைக் கூலி கொடுத்து அமர்த்துங்கள்.

### மறுதொடக்கம் செய்ததும் மறுபடி விழுகிறது

சர்வர் எழுந்த அதே நொடியில் எல்லாத் திரைகளும் ஒன்றாகத் திரும்பி வருகின்றன. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். 30 விநாடியில் நிறுத்துங்கள். அதோடு ஒவ்வொரு திரைக்கும் வெவ்வேறாக ஒரு சிறு தாமதத்தைக் கூட்டுங்கள். மருத்துவமனையில் நான் இதைச் சோதிக்கும் முறை, மாலை கூடம் காலியான பிறகு சர்வரை நிறுத்தி, இரண்டு நிமிடம் கழித்து எழுப்பி, எல்லாத் திரைகளும் சாம்பல் நிறத்திலிருந்து மீண்டு வருவதை நின்று எண்ணிப் பார்ப்பது. ஒன்று மீளாவிட்டாலும் அன்றிரவே காரணத்தைத் தேடுகிறேன். காலை ஏழு மணிக்கு முதல் டோக்கன் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.